கடற்கரை ரிசார்ட்டில் மீன் சாப்பிடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு ரிசார்ட்டில், மே மாதத்தின் இரண்டாவது வாரத்தில், குடும்பத்தோடு இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். மேசையிலிருந்து அலை தெரிந்தது, உப்புக் காற்று முகத்தில் அடித்தது. வந்த வஞ்சிரம் மாவாக உதிர்ந்தது, இறால் ரப்பராக இழுத்தது, சிங்கி இறாலின் ஓட்டுக்குள் இறைச்சியை விடப் பாலாடைக்கட்டியே அதிகமாக இருந்தது. சமையற்காரரைத் திட்டிக்கொண்டே அறைக்குத் திரும்பினேன். நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த என் அம்மா மட்டும், “அவனைச் சொல்லி என்ன, மே மாசத்துல வஞ்சிரம் கேட்டது நீதானே” என்றார். அந்த இரவில் நான் செய்த தவறுகளில் பாதிக்கு மேல் தட்டு மேசைக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தன.

முதல் தவறு நாட்காட்டியைப் பார்க்காதது. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதற்காக ஆண்டுதோறும் விதிக்கப்படும் தடை இது. மேற்குக் கடற்கரையில் இதே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை வருவதால், கோவாவுக்கோ கேரளத்துக்கோ மழைக்காலச் சலுகை விலையில் போகிறவர்களும் இதே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகளும் ஃபைபர் படகுகளும் கரையை ஒட்டி மீன் பிடிக்கின்றன. ஆகவே நெத்திலி, சங்கரா, நண்டு போன்றவை கொஞ்சம் கிடைக்கும். ஆனால் காசிமேட்டிலேயே பெரிய வஞ்சிரத்தின் வரத்து சுருங்கிவிடும் நாள்களில், ஒரு ரிசார்ட் தன் உணவுப் பட்டியலில் உள்ள எல்லா மீன்களையும் இல்லையென்று சொல்லாமல் கொடுக்கிறது என்றால், அது குளிர்பதனக் கிடங்கிலிருந்தோ மறு கடற்கரையிலிருந்து லாரியிலோ வந்ததாகத்தான் இருக்கும். பட்டியலில் சிலவற்றைக் காட்டி “இது இன்று இல்லை” என்று பணியாளர் சொன்னால் நான் இப்போதெல்லாம் மகிழ்ச்சி அடைகிறேன்.

இரண்டாவது தவறு, “ஃப்ரெஷ்ஷா?” என்று கேட்பது. அந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்த உணவகத்திலும் ஒரே பதில்தான் உண்டு. அன்றிரவு எனக்குக் கிடைத்த பதில், “ஃப்ரெஷ்தான் சார், இன்னிக்குக் காலையிலதான் வந்தது.” பிறகு யோசித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. காலையில் வந்தது உண்மைதான், எங்கிருந்து வந்தது என்பதை நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியவை வேறு: இது முழு மீனாக இருக்கிறதா, துண்டு போட்டு வந்ததா? கடல் மீனா, வளர்ப்பு மீனா? உறைய வைத்ததா? சமைப்பதற்கு முன் ஒரு தட்டில் கொண்டுவந்து காட்ட முடியுமா? கடைசிக் கேள்விக்கு வரும் தயக்கத்திலேயே பாதி விடை இருக்கிறது.

வளர்ப்பு என்பதும் உறைந்தது என்பதும் வசைச் சொற்கள் அல்ல. உணவகங்களில் கிடைக்கும் இறாலில் பெரும்பகுதி, 2009 முதல் இந்தியாவில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட பசிபிக் கரை இனமான வனாமிதான். கொடுவா மீனைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைப்பதில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் வெற்றி கண்டது. அதன் ஆய்வு நிலையம் இதே சாலையில் முட்டுக்காட்டில் இருக்கிறது. நன்றாக வளர்த்த கொடுவா, ஐந்து நாள் ஐஸில் கிடந்த கடல் வஞ்சிரத்தைவிட எவ்வளவோ மேல். பிடித்தவுடன் விரைவாக உறைய வைத்த மீனும் அப்படியே. மெதுவாக உறைந்து, வெந்நீரில் அவசரமாக இளக்கப்பட்டு, உருகிய நீரோடு சாறும் போய்விட்ட மீன்தான் சிக்கல். எனக்கு வந்த வஞ்சிரம் அந்த வகை. விரலால் அழுத்தினால் துண்டு பிரிவதற்குப் பதிலாகப் பொடியானது. கொடுவா என்ற பெயரில், வளர்ப்புக் கெளுத்தி வகையான பாசாவின் முள்ளில்லாத துண்டு வருவதும் உண்டு. மசாலா அப்பிய துண்டில் அதைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால்தான் முழு மீனாகக் கேட்கச் சொல்கிறேன்.

முழு மீனைக் காட்டினால் பார்க்க வேண்டியவை நம் வீட்டுப் பெண்கள் சந்தையில் பார்ப்பவையே: கண் உப்பலாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும், குழிந்து வெளுத்திருக்கக் கூடாது. செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். அழுத்திய இடம் உடனே மேலெழ வேண்டும். இறாலில் தலை கழுத்தை விட்டுத் தொங்கினாலோ, தலைப்பக்கம் கறுத்திருந்தாலோ நாளாகிவிட்டது என்று பொருள். கறுப்பு மட்டும் கெட்டுப்போனதற்கு அடையாளமில்லை, நொதிகளின் வேலை அது. ஆனால் கறுப்போடு அம்மோனியா வாடையும் சேர்ந்தால் தட்டைத் திருப்பி அனுப்பிவிடலாம். சிறிய உணவகத்தில் இப்படிக் கேட்கக் கூச்சப்படாதவர்கள், வெள்ளைத் துணி விரித்த மேசையில் மட்டும் கூச்சப்படுகிறார்கள் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

அடுத்தது எடைக் கணக்கு. பட்டியலில் விலைக்குப் பதிலாக “அளவுக்கேற்ப” என்று போட்டிருந்தால், சமைக்கும் முன் எடையையும் மொத்த விலையையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த எடை ஓட்டோடும் தலையோடும் உள்ள எடையா என்பதையும் கேட்க வேண்டும். நம் கடலில் கிடைக்கும் சிங்கி இறாலுக்கு, வெளிநாட்டுப் படங்களில் காணும் பெரிய கொடுக்குகள் கிடையாது. இறைச்சி ஏறக்குறைய முழுவதும் வாலில்தான். 600 கிராம் சிங்கியில் 200 கிராம் இறைச்சி தேறினால் அதுவே அதிகம். ஐந்து பேருக்கு ஒரு சிங்கியைச் சொல்லிவிட்டு ஆளுக்கு ஒரு வாய் என்று பங்கிட்டது என் கணக்குப் பிழை. உரித்த இறாலும் அப்படித்தான், தலையும் ஓடும் போனால் ஏறத்தாழப் பாதி எடைதான் மிஞ்சும்.

சமையல் முறையைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. பாலாடைக்கட்டியும் வெண்ணெயும் வழியும் வெளிநாட்டுப் பெயர் கொண்ட வகைகளும், செக்கச்செவேலென்ற தந்தூரி மசாலாவும் பழைய மீனுக்குப் போர்வையாகப் பயன்படுகின்றன. உப்பு, மிளகு, மஞ்சள் மட்டும் போட்டுக் கல்லில் வாட்டித் தரச் சொன்னால் மீனுக்கு ஒளிய இடமில்லை. குழம்பில் மீன் வேகும் நேரத்தைச் சமையலறை ஓரளவுக்கு அறிந்து வைத்திருக்கும் என்பதால், சந்தேகமான இடத்தில் நான் குழம்பையே கேட்பேன். இறால் இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். பிறை போல வளைந்திருந்தால் பதம், வாலும் தலைமாடும் தொட்டு வளையமாகச் சுருண்டிருந்தால் கை மீறிவிட்டது. கணவாய்க்கு இரண்டு நிமிடம் அல்லது முக்கால் மணி நேரம், இடைப்பட்ட எதுவும் தோல்தான். இரவு எட்டு மணிக்குச் சூட்டுத் தட்டில் வைத்த பஃபே இறாலைப் பத்து மணிக்குப் போய் எடுப்பவர்கள் யாரையும் குறை சொல்ல முடியாது.

அன்றிரவு நான் செய்த மோசமான தவறு, பேசாமல் சாப்பிட்டது. காசு கொடுத்தாயிற்றே என்று முக்கால் தட்டைக் காலி செய்துவிட்டுக் குறை சொன்னால் எந்த மேலாளரும் தோளைக் குலுக்கத்தான் செய்வார். முதல் வாயிலேயே சொன்னால் மாற்றித் தருவார்கள். இதில் நாவின் விருப்பத்தைத் தாண்டிய காரணமும் உண்டு. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் சரியான குளிரில் வைக்கப்படாவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும், எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. மிளகைக் கடித்தது போல நாக்கில் சுர்ரென்று ஏறினால், மசாலா காரம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் அங்கேயே நிறுத்த வேண்டும். சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்பு வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

பில்லைப் பற்றிச் சுருக்கமாக. அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் விடுதிகளின் உணவகங்களில் பொதுவாக 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, சாதாரண உணவகத்தில் அது 5 சதவீதம். சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

மறுநாள் மதியம் அம்மாதான் பேசினார். பட்டியலைத் திறக்காமலேயே, “தம்பி, இன்னிக்கு இந்தக் கரையில என்ன வந்துச்சு?” என்று கேட்டார். பையன் உள்ளே போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்து, பணியாளர் சாப்பாட்டுக்காகக் கொஞ்சம் நெத்திலி வாங்கியிருக்கிறார்கள், ஆனால் அது மெனுவில் இல்லையே அம்மா என்று தயங்கினான். மொறுமொறுவென்று பொரித்துக் கொண்டுவந்த அந்த நெத்திலியை ரசம் சோற்றோடு சாப்பிட்டோம். அதற்கு என்ன விலை போடுவது என்று தெரியாமல் பில் போடுபவர் கணினித் திரையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.