அரசியல் அறிவியலில் பேராசிரியர் பணி: கேள்வியைத் தேர்வதிலிருந்து மாணவரை நெறிப்படுத்துவது வரை

அரசியல் அறிவியல் பேராசிரியராக விரும்புகிறவர் எல்லாவற்றுக்கும் முன்பாகத் தேடிக்கொள்ள வேண்டியது, பல ஆண்டுகள் கழித்தும் தம்மை விடாத ஒரு கேள்வியை. முனைவர் பட்டம், நல்ல நெறியாளர், ஆய்விதழ்க் கட்டுரைகள், பணி நிரந்தரம் ஆகியவை தேவை என்பதில் ஐயமில்லை. ஆனாலும் இவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகிறவருக்கும், ஒரு கேள்விக்கு விடை தேடும் வழியில் இவற்றை அடைகிறவருக்கும் உள்ள வேறுபாடு, சில ஆண்டுகளிலேயே அவர்களுடைய எழுத்திலும் வகுப்பறையிலும் தெரிந்துவிடும்.

அமெரிக்க அரசியல் அறிவியலாளர் எலினோர் ஆஸ்ட்ரமின் பணி வாழ்க்கையை இதற்குச் சான்றாகக் காட்டலாம். லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற வேண்டும் என்று அவர் விரும்பியபோது, இளநிலையில் கணிதம் படிக்காதது தடையாக நின்றது. எனவே அரசியல் அறிவியல் துறையில் சேர்ந்தார். தென் கலிஃபோர்னியாவில் கடல்நீர் உட்புகுந்துகொண்டிருந்த ஒரு நிலத்தடி நீர்ப் படுகையை, அதைப் பயன்படுத்தியவர்களே கூடிப் பேசி எவ்வாறு காப்பாற்ற முயன்றார்கள் என்பதே அவருடைய ஆய்வேட்டின் பொருள். 1965-இல் பட்டம் பெற்று இந்தியானா பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது அவருக்குக் கிடைத்த பொறுப்பு, செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் காலை 7.30 மணிக்கு முதலாண்டு மாணவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் பற்றிய பாடம் நடத்துவது. 1970-களில் நகரக் காவல்துறைகளின் செயல்பாட்டை ஆராய்ந்தார். பின்னர் பாசனம், காடு, மீன்வளம் என்று நகர்ந்தார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்ணானார். களங்கள் மாறிக்கொண்டே இருந்தன. தங்களுக்குப் பொதுவானதை மக்கள் தாங்களே ஆள முடியுமா, எந்தச் சூழலில் முடியும் என்ற கேள்வி மட்டும் இறுதிவரை மாறவில்லை.

இத்தகைய கேள்வி தானாக வந்து அமைவதில்லை. முதுநிலை முடித்து வருகிறவர்கள் பெரும்பாலும் ‘கட்சி முறை’, ‘கூட்டாட்சி’, ‘தேர்தல் சீர்திருத்தம்’ என்று ஒரு தலைப்போடுதான் வருகிறார்கள். தலைப்பின் கீழ் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொண்டே போகலாம். எழுதியது எதுவும் பொய்த்துப்போகாது என்பதே அதன் பெருங்குறை. கட்சி முறையையே எடுத்துக்கொள்வோம். ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர் என்ற தேர்தல் முறை இரு கட்சி அமைப்பை நோக்கி இட்டுச்செல்லும் என்று பிரெஞ்சு அறிஞர் மொரீஸ் துவெர்ஜே 1951-இல் வாதிட்டார். இந்தியாவும் அதே முறையைத்தான் பின்பற்றுகிறது; ஆயினும் மக்களவையில் ஏராளமான கட்சிகள் இடம்பெறுகின்றன. ஏன் என்று கேட்ட கணத்தில் தலைப்பு கேள்வியாகிவிடுகிறது. அடுத்து, துவெர்ஜேயின் தர்க்கம் எந்த மட்டத்தில் செயல்படுகிறது என்று பார்க்க வேண்டும். தம் வாக்கு வீணாகக் கூடாது என்று வாக்காளர் கணக்கிடுவது தம்முடைய தொகுதியை வைத்துத்தான் என்பதால், தொகுதிதோறும் போட்டி இருவருக்குள் சுருங்குகிறதா என்பதைத் தேர்தல் முடிவுகளைக் கொண்டே சோதித்துவிடலாம். அப்படிச் சுருங்கினாலும், ஒரு மாநிலத்தில் மோதும் இரு கட்சிகள் வேறு, அடுத்த மாநிலத்தில் மோதுபவை வேறு என்ற நிலை ஏன் உண்டாகிறது என்ற கேள்வி மிஞ்சி நிற்கும். பிரதீப் சிப்பரும் கென் கோல்மனும் கனடா, பிரிட்டன், இந்தியா, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளை ஒப்பிட்டு, அதிகாரம் நடுவண் அரசிடம் குவியும் காலங்களில் தேசியக் கட்சிகள் வலுப்பெறுகின்றன, அது கீழே பரவும் காலங்களில் வட்டாரக் கட்சிகள் வளர்கின்றன என்று 2004-இல் விளக்கம் தந்தனர். இந்த விளக்கத்தை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். மறுப்பதற்கு எத்தகைய சான்று வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெளிவாகத் தெரிகிறது. உங்கள் ஆய்வுத் திட்டத்தை எழுதி முடித்ததும், எதைக் கண்டால் உங்கள் கருத்து தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் திட்டம் இன்னும் தலைப்பாகவே இருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

அரசியல் கோட்பாடு, ஒப்பீட்டு அரசியல், பன்னாட்டு உறவுகள், பொது நிர்வாகம் என்ற உட்பிரிவுகளில் எதில் சேர்வது என்பதைக் கேள்வியே பெரும்பாலும் முடிவு செய்துவிடும். முறையியலுக்கும் இது பொருந்தும். எனினும் பயிற்சிக் காலத்திலேயே புள்ளியியலில் ஓரளவு தேர்ச்சி பெற்றுவிடுவது நல்லது. கோட்பாட்டில் மட்டுமே ஈடுபாடு கொண்டவர்கூடப் பிறருடைய அட்டவணையைப் படித்து மதிப்பிட வேண்டிய நாள் வரும். ஒரு நாட்டை ஆராய்கிறவர் அந்த நாட்டு மக்களின் மொழியைக் கற்றாக வேண்டும் என்பதையும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்கும் பதிலில், சொன்னவர் எங்கே தயங்கினார் என்பது கிடைக்காது.

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய புகழைவிட அவருடைய முன்னாள் மாணவர்களின் அனுபவத்தை அதிகம் நம்புங்கள். வரைவைப் படித்துத் திருப்பித் தர அவர் எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறார், தம் முடிவுகளோடு முரண்படும் மாணவரை எப்படி நடத்துகிறார், மாணவர் உழைத்த கட்டுரையில் யாருடைய பெயர் முதலில் வருகிறது என்ற மூன்றையும் அவர்களிடம் நேரில் கேட்டால் போதும்.

களப்பணியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்தத் துறையில் தரவு என்பது பெரும்பாலும் மனிதர்கள் நம்மை நம்பிச் சொன்னவை. உங்கள் நிறுவனத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் முன்னதாகவே ஒப்புதல் பெறுங்கள். அதிகாரியையோ கட்சி நிர்வாகியையோ சந்திக்கும்போது, அவருடைய பணிப்பொறுப்பைப் பற்றிய எளிய கேள்விகளில் தொடங்கி, கடினமான கேள்வியைப் பேச்சு இயல்பான பிறகு கேளுங்கள். ஒலிப்பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்புகளை அன்று இரவே விரித்து எழுதிவிடுங்கள். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் நினைவு, நீங்கள் எதிர்பார்த்த விடையை அவர் வாயில் வைத்துவிடும். பேசியதற்காகத் துன்புறுத்தப்படக்கூடியவர்களின் பெயர்ப் பட்டியலை நேர்காணல் கோப்புகளோடு ஒருபோதும் ஒன்றாக வைக்காதீர்கள்.

தரவில் நேர்மை எவ்வளவு முக்கியம் என்பதற்கு, 2014-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஒரு கட்டுரையின் கதையை ஒவ்வோர் ஆய்வு மாணவரும் அறிந்திருக்க வேண்டும். வீடு வீடாகச் சென்று சிறிது நேரம் உரையாடினாலே தன்பாலினத் திருமணம் குறித்த வாக்காளர்களின் மனப்பான்மை நீடித்து மாறுகிறது என்று அது கூறியது. அதே முறையில் தங்கள் ஆய்வை நடத்த முனைந்த டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரு இளம் ஆய்வாளர்கள் எண்களில் இயல்புக்கு மாறான ஒழுங்கைக் கண்டார்கள். அவர்கள் அதை வெளிப்படுத்திய பிறகு 2015-இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அத்தோடு நின்றுவிடாமல், திருநர்கள் மீதான முன்முடிவு குறித்து மயாமியில் உண்மையான பரிசோதனையை நடத்தி, சிறிய உரையாடலின் பயன் குறைந்தது மூன்று மாதங்கள் நீடிப்பதை 2016-இல் அதே இதழில் அவர்கள் வெளியிட்டார்கள். மூலத் தரவையும் கணக்கீட்டுக் கோப்புகளையும், வேறொருவர் திறந்து மீண்டும் செய்து பார்க்கும் நிலையில், முதல் நாளிலிருந்தே வைத்திருக்கும் பழக்கம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆய்வேடு முடிந்ததும் அதைக் கட்டுரைகளாகவோ நூலாகவோ மாற்ற வேண்டும். ஆய்வேட்டின் இயல்களைப் பெயர்த்தெடுத்து அப்படியே அனுப்புவது பயன் தராது; ஒரு கட்டுரை ஒரு வாதத்தை மட்டுமே சுமக்கும். ஆய்விதழிலிருந்து வரும் முதல் மறுமொழி பெரும்பாலும் நிராகரிப்பாகவோ, திருத்தி மறுபடி அனுப்புமாறு கேட்பதாகவோ இருக்கும். இரண்டாவது வாய்ப்புக் கிடைத்தால் மதிப்பீட்டாளர்களுக்கு எழுதும் பதில் கடிதத்தில் கட்டுரைக்கு நிகரான உழைப்பைச் செலுத்துங்கள். ஒவ்வொரு கருத்தையும் முழுமையாக எடுத்தெழுதி, அதன் கீழே நீங்கள் செய்த மாற்றத்தையும் அது இடம்பெறும் பக்கத்தையும் குறிப்பிடுங்கள். ‘உங்கள் வாதத்துக்குப் பொருந்தும் மூன்று மாவட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்’ என்று ஒருவர் குறை கூறினால், ‘தெளிவுபடுத்தியுள்ளோம்’ என்ற பதில் எதையும் தீர்க்காது. மாவட்டங்களை எந்த அளவுகோலில் தேர்ந்தீர்கள் என்று விளக்கி, வாதத்துக்கு ஒத்துவராத நான்காவது மாவட்டத்தையும் சேர்த்து, அங்கே என்ன நடந்தது என்பதை எழுத வேண்டும். அந்தக் கருத்தை ஏற்க முடியாது என்றால் காரணத்தைப் பணிவாகவும் நேராகவும் சொல்லலாம். பதிப்பாசிரியர்கள் அதை மதிப்பார்கள்.

கற்பித்தலை ஆய்வுக்கு இடையூறாகக் கருதும் போக்கு இத்துறையில் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. இருபது வயது மாணவர் ஒருவர் கேட்கும் நேரான கேள்வி, கருத்தரங்குகளில் யாரும் தொடாத பலவீனத்தைச் சுட்டிவிடுவதுண்டு. வரையறைகளை எழுதிப்போட்டுத் தொடங்குவதைவிட ஒரு புதிரைக் கொடுத்துத் தொடங்குவது பலன் தரும். பிரதிநிதித்துவம் பற்றிய முதல் வகுப்புக்கு 2015 பிரிட்டன் பொதுத் தேர்தல் மிகவும் பொருத்தமானது: 12.6 விழுக்காடு வாக்குப் பெற்ற ஐக்கிய இராச்சிய சுதந்திரக் கட்சிக்கு ஓரிடம், 4.7 விழுக்காடு பெற்ற ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு 56 இடங்கள். இந்த நான்கு எண்களை மட்டும் பலகையில் எழுதிவிட்டு, இது எப்படி நடந்திருக்கும் என்று கேளுங்கள். வாக்குகள் நாடெங்கும் சிதறியிருப்பதற்கும் ஒரே பகுதியில் குவிந்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். அது நியாயமா என்ற விவாதமும் அவர்களிடமிருந்தே எழும். அப்போது ஆசிரியரின் சொந்த அரசியல் நிலைப்பாடு குறுக்கே வரக் கூடாது. நீங்கள் ஏற்காத தரப்பின் வாதத்தை, அத்தரப்பைச் சேர்ந்தவரே ‘இதைத்தான் நாங்கள் சொல்கிறோம்’ என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு வலுவாக எடுத்துரைக்கப் பழகுங்கள்.

பணி நியமனத்தின் விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. அமெரிக்காவில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து பெரும்பாலும் ஆறாம் ஆண்டில் பணி நிரந்தரத்துக்கான மதிப்பீட்டை எதிர்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்குப் பிறகு மற்றொரு பெரிய ஆய்வேட்டை எழுதும் மரபு உண்டு. இந்தியாவில் நெட், செட் போன்ற தகுதித் தேர்வுகள் வாயிலாக நிற்கின்றன. விண்ணப்பிக்கும் நாட்டின் விதிகளை நேரடியாகப் படித்துவிடுவதே வழி. நேர்முகத்தின்போது துறையினர் முன் ஆற்றும் ஆய்வுரையில், உரையைவிட அதற்குப் பிந்தைய கேள்வி நேரமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஆகவே பிற உட்பிரிவுகளைச் சேர்ந்த நண்பர்கள் முன் ஒருமுறை பேசிப் பாருங்கள். அவர்களுக்குப் புரியாத இடமே தேர்வுக் குழுவுக்கும் புரியாது.

பணியில் சேர்ந்த பின் பாடத்திட்டக் குழு, தேர்வுப் பணி, சேர்க்கைக் குழு என்று பொறுப்புகள் வந்துகொண்டே இருக்கும். தொடக்க ஆண்டுகளில் ஒன்றிரண்டை ஏற்றுச் செம்மையாகச் செய்துவிட்டு, மற்றவற்றைத் துறைத் தலைவரிடம் காரணம் சொல்லித் தள்ளிவைப்பதில் தவறில்லை. 1949-இல் யுனெஸ்கோவின் ஆதரவில் தொடங்கப்பட்ட பன்னாட்டு அரசியல் அறிவியல் சங்கத்தின் மாநாடுகளிலோ உள்நாட்டுச் சங்கக் கூட்டங்களிலோ ஆண்டுக்கு ஒருமுறையேனும் கட்டுரை வாசியுங்கள். தேர்தல் காலத்தில் தொலைக்காட்சிகள் அழைக்கும். நீங்கள் ஆராய்ந்த பொருள் என்றால் செல்லுங்கள். யார் வெல்வார்கள் என்று ஊகம் கேட்டால், தரவு எதுவரை பேசுகிறதோ அதுவரை மட்டும் பேசுங்கள்.

பேராசிரியரான பிறகு பெரும்பகுதி நேரம் பிறருடைய கேள்விகளுக்கே செல்லும். மாணவர் தரும் வரைவை இரண்டு வாரங்களுக்குள் படித்துத் திருப்பிக் கொடுங்கள். ஓரத்தில் ‘நன்று’ என்று எழுதுவதற்குப் பதிலாக, எந்த வாக்கியத்துக்கு எந்தச் சான்று போதவில்லை என்று எழுதுங்கள். வேலைக்கான பரிந்துரைக் கடிதத்தில் பொதுவான புகழ்ச்சியைத் தவிர்த்து, அந்த மாணவர் கண்டறிந்த ஒன்றை விளக்கிக் காட்டுங்கள். உங்கள் பழைய கட்டுரையின் முடிவைப் புதிய சான்றோடு மறுக்கிற மாணவர் வந்தால், உங்களிடமுள்ள தரவு முழுவதையும் அவரிடம் கொடுத்து, அந்தக் கட்டுரையை அவருடைய பெயரிலேயே வெளியிடச் செய்யுங்கள்.