காயம் ஆறிவிட்டது என்று யார் சொன்னது? அறுவை சிகிச்சை ஆய்வேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் அறுவை சிகிச்சை மேற்படிப்பான எம்.எஸ்.ஸில் முதலாமாண்டு படிக்கும் மாணவர் ஒருவர் தன் ஆய்வுக்கான தகவல் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினார். நான்கு பக்கம். வயது, சர்க்கரை, ஆல்புமின், அறுவை நடந்த நேரம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒற்றை வரி: ‘காயத் தொற்று: ஆம் / இல்லை.’ எந்த நாளில் பார்ப்பது, யார் பார்ப்பது, எதைத் தொற்று என்று கொள்வது, எதுவும் இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல ஆண்டுகளுக்கு முன் என் படிவத்திலும் அதே வரியைத்தான் எழுதியிருந்தேன்.

பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். முடிக்கும் ஒவ்வொருவரும் அந்த மூன்று ஆண்டுக்குள் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். பலருக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் மருத்துவ ஆய்வு. பலருக்குக் கடைசியும் அதுதான். அடுத்தவர் ஆய்வேட்டைப் பார்த்து எழுதாதீர்கள், எண்களைக் கற்பனையில் நிரப்பாதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. தெரிந்தே செய்கிறவர்களுக்கு என் புத்திமதி எதற்கு? ஒழுங்காக உழைக்கிறவர்களும் விழுகிற குழிகளைப் பற்றித்தான் பேச்சு.

‘சார், அறுபது பேர் போதும்’

எதற்குப் போதும்? தொற்று விகிதம் 10 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைகிறதா என்று கண்டுபிடிக்க, வழக்கமான 80 சதவீதத் திறனோடு (அதாவது, வேறுபாடு உண்மையில் இருந்தால் அது ஆய்வில் பிடிபட 80 சதவீத வாய்ப்பு), குழுவுக்கு ஏறத்தாழ 435 நோயாளிகள் வேண்டும். அறுபது பேரை இரண்டாகப் பிரித்துவிட்டு ‘வேறுபாடு இல்லை’ என்று எழுதுவது, கிணற்றில் ஒரு வாளி இறைத்துப் பார்த்துவிட்டு மீனே இல்லை என்பதைப் போன்றது. இன்னொன்றும் உண்டு. முப்பது பேருக்கு ஒரு புதிய முறையில் அறுவை செய்து ஒருவருக்கும் சிக்கல் வரவில்லை என்றால், அந்தச் சிக்கலின் உண்மையான விகிதம் 10 சதவீதம் வரைகூட இருக்கலாம். மூன்றை நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்த மேல்வரம்பு தோராயமாகக் கிடைத்துவிடும். ‘முற்றிலும் பாதுகாப்பானது’ என்று முடிவுரையில் எழுதக் கை போகும்போது இந்த வகுத்தலைப் போட்டுப் பாருங்கள்.

சிறிய ஆய்வு பாவமல்ல. சிறிய ஆய்வுக்கு ஏற்ற கேள்வியை எடுங்கள்: வலி மதிப்பெண், அறுவைக்கு ஆகும் நேரம், வடிகுழாயில் வரும் நீரின் அளவு.

வார்டு வாசலோடு கணக்கை முடிப்பது

இதற்குத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

குடலில் ஓட்டை விழுந்து, அவசரமாக வயிற்றைத் திறக்க நேர்ந்தவர்களைப் பற்றியது என் ஆய்வேடு. சீழ் நிறைந்த வயிற்றைக் கழுவி முடித்த பிறகு தோலை அன்றே தைத்துவிடுவதா, அல்லது திறந்தே விட்டு நாலைந்து நாள் கட்டு மாற்றிவிட்டுப் பிறகு தைப்பதா? குழுவுக்கு முப்பது பேர். இரவுப் பணி முடிந்து தூங்காமல் வந்து ஒவ்வொரு காயத்தையும் நானே பார்த்தேன். தள்ளித் தைத்தவர்களிடம்தான் தொற்று அதிகம் என்று வந்தது. அன்றே தைப்பதே மேல் என்று பெருமையோடு முடிவுரை எழுதினேன். தேர்வாளர்களும் தலையாட்டினார்கள்.

ஓராண்டு கழித்துப் புறநோயாளிப் பிரிவில் ஒரு பெரியவர் வயிற்றைத் தூக்கிக் காட்டினார். பழைய தழும்பின் மேல் குடலிறக்கம். தழும்பு இரண்டு விரல் அகலத்துக்குப் பரந்து கிடந்தது. “என்னய்யா இது, காயம் பிரிந்துபோனதா?” என்றேன். “வீட்டுக்குப் போன நாலாம் நாள் புடைச்சுக்கிட்டுச் சீழ் கொட்டிச்சு சார். எங்க ஊர் டாக்டர்தான் மூணு வாரம் கட்டுப் போட்டாரு. இங்கே வந்து போக பஸ் செலவே கட்டுப்படியாகலை” என்றார். அறைக்குப் போய் என் ஆய்வேட்டின் பின்னிணைப்பைப் புரட்டினேன். அவர் வரிசை இருந்தது. அன்றே தைத்த குழு. காயத் தொற்று: இல்லை.

அப்போதுதான் உறைத்தது. அன்றே தைத்தவர்களை ஏழெட்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். தள்ளித் தைத்தவர்கள் இரண்டு வாரம் வார்டிலேயே கிடந்தார்கள். ஒரு குழுவை ஒரு வாரமும் மற்றதை இரண்டு வாரமும் பார்த்துவிட்டு, இரண்டாவதில்தான் தொற்று அதிகம் என்று எழுதியிருக்கிறேன். நான் அளந்தது தொற்றை அல்ல, என் கண் எதிரே அவர்கள் படுத்திருந்த நாட்களை.

வரையறை அப்போதே கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் வரையறைப்படி, தோலளவிலான அறுவைக் காயத் தொற்றுக்கு அறுவை நாளிலிருந்து 30 நாள் பார்க்க வேண்டும். ஆழமான தொற்றென்றால் குடலிறக்க அறுவை போன்ற சிலவற்றுக்கு 90 நாள். டிஸ்சார்ஜ் தேதிக்கு அந்த வரையறையில் இடமே இல்லை. வார்டோடு கணக்கை முடித்துவிட்டு ‘சி.டி.சி. அளவுகோலின்படி’ என்று எழுதும் ஆய்வேடுகளை இன்றும் ஆண்டுதோறும் திருத்துகிறேன். ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது. பாதி அவர்கள் மேல், பாதி என் மேல்.

சரி, வராமல் போனவர்களை விட்டுவிட்டு வந்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் ஆகாதா? போட்டுப் பாருங்கள். முப்பது பேரில் இருவருக்குத் தொற்று, எட்டுப் பேரைப் பற்றித் தகவல் இல்லை. அந்த எட்டுப் பேரும் நலம் என்றால் விகிதம் 6.7 சதவீதம். எட்டுப் பேருக்கும் சீழ் பிடித்திருந்தால் 33 சதவீதம். உண்மை இதற்கிடையில் எங்கோ இருக்கிறது. வராதவர்கள் வந்தவர்களைப் போலவே இருப்பார்கள் என்று நினைக்கவும் இடமில்லை. காயம் நன்றாக ஆறியவர் வேலைக்குப் போய்விடுவார். மோசமானவர் பக்கத்து ஊர் மருத்துவரிடம் போய்விடுவார்.

இப்போது என் மாணவர்களை இப்படிச் செய்யச் சொல்கிறேன். செல்பேசி எண் கேட்டால் நோயாளி பெரும்பாலும் மருமகன் எண்ணையோ மகன் எண்ணையோதான் தருவார். அதனால் மூன்று எண் வாங்குங்கள், ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கட்டும். வாங்கிய எண்ணை அவர் கட்டிலில் இருக்கும்போதே ஒரு முறை அழைத்துப் பாருங்கள். தையல் பிரிக்கும் நாளையும் முப்பதாம் நாளையும் டிஸ்சார்ஜ் சீட்டில் தேதியாகவே எழுதுங்கள். ‘ஒரு மாதம் கழித்து’ என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள். பயணச் செலவைத் திருப்பித் தர இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்.இன் நெறிமுறைகள் இடம் தருகின்றன. எவ்வளவு என்பதை நெறிமுறைக் குழுவின் முன்னும் ஒப்புதல் படிவத்திலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வர முடியாதவரிடம் தொலைபேசியில் ‘நல்லா இருக்கீங்களா?’ என்று கேட்காதீர்கள். நம் மக்கள் டாக்டரிடம் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் சொல்வார்கள். சீழோ நீரோ வந்ததா, வேறு யாராவது தையலைப் பிரித்தார்களா, கட்டுப் போட்டார்களா, மாத்திரை கொடுத்தார்களா என்று ஒவ்வொன்றாக, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். இரண்டு குழுவுக்கும் ஒரே நாட்களில் கேளுங்கள்.

அறுவை செய்தவரே மதிப்பெண் போடுவது

தன் தையலுக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ளும் கை எப்போதும் கொஞ்சம் தாராளமானது. என் ஆய்வேட்டில் இந்தக் குறையும் உண்டு. எந்தக் குழு என்று தெரியாத ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். முடியாதென்றால் புகைப்படம் எடுத்து, பெயரை மறைத்து, வேறு பிரிவின் உதவிப் பேராசிரியரிடம் கொடுங்கள்.

உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது

எந்த நோயாளிக்கு எந்த முறை என்று குலுக்கல் முறையில் முடிவு செய்து எழுதிய சீட்டை மெல்லிய வெள்ளைக் கவரில் போட்டு வைக்கிறார்கள். அறுவை அரங்க விளக்கின் கீழ் பிடித்தால் உள்ளே எழுதியிருப்பது பளிச்சென்று தெரிகிறது. குண்டான நோயாளி வந்தால், அவருக்கு வேண்டாம் என்று நினைக்கும் முறை உள்ள உறை பின்னுக்குப் போய்விடுகிறது. 1995-இல் ஆய்வு முறையியலாளர் ஷுல்ஸும் உடன் ஆய்வாளர்களும் 250 ஆய்வுகளை அலசினார்கள். ஒதுக்கீட்டை ஒழுங்காக மறைக்காத ஆய்வுகளில் சிகிச்சையின் பலன் சராசரியாக 41 சதவீதம் மிகையாகத் தெரிந்தது. தொடர் எண் இட்ட, ஒளி ஊடுருவாத, ஒட்டிய உறை வேண்டும். உறையைப் பிரிக்கும் முன் அதன் மேல் நோயாளியின் பெயரை எழுத வேண்டும். உறைகள் உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கக் கூடாது.

சி.டி.ஆர்.ஐ. பதிவைப் பிறகு பார்த்துக்கொள்வது

சி.டி.ஆர்.ஐ. என்பது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் பதிவு செய்தால்தான் செல்லும். பிறகு என்பது கிடையாது.

அரங்க வாசலில் ஒப்புதல் கையெழுத்து வாங்குவது

வேண்டாம்.

எல்லாவற்றையும் மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளுவது

மூன்றாம் ஆண்டில் தேர்வு இருக்கிறது.

புள்ளியியலாளரைக் கடைசியில் தேடுவது

எங்கள் கல்லூரியில் அவர் சமூக மருத்துவத் துறையில், இரண்டாம் மாடியில் உட்கார்ந்திருக்கிறார். எண்களெல்லாம் சேர்ந்த பிறகு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறுகிறவர்களைத்தான் அவர் அதிகம் பார்க்கிறார். போன வாரம் வந்த அந்த மாணவரை, படிவத்தின் கடைசி வரியைச் சிவப்பில் சுழித்து, முதலில் அவரிடம் அனுப்பினேன். நேற்றுத் திரும்பி வந்தார். படிவம் இப்போது ஆறு பக்கம். தொலைபேசி எண்ணுக்கு மூன்று வரி விட்டிருந்தார். முப்பதாம் நாள் கேள்விகள் இன்னும் எழுதவில்லை.