கேமரா இல்லாமல் வாகனங்களை எண்ணி, லோராவில் அனுப்புவது எப்படி?

போக்குவரத்தை உடனுக்குடன் கண்காணிக்க வேண்டும் என்றதும் பலர் கேமராவைத் தேடுகிறார்கள். ஒரு தடத்தில் போகும் வாகனங்களை எண்ண அது தேவையே இல்லை. வாகனத்தில் உள்ள இரும்பு பூமியின் காந்தப்புலத்தைச் சற்றே மாற்றுகிறது. அதை அளக்கும் சிறு சென்சார் போதும். இருட்டிலும் அது வேலை செய்யும், யாருடைய முகமும் பதிவாகாது. எண்ணிக்கையை லோரா என்னும், குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் ரேடியோ முறையில் அனுப்புவோம். இஎஸ்பி32 என்னும் வைஃபை உள்ள சிறு கணினிப் பலகையில் நிரல் ஏற்றத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: சென்சாரை ஐ2சி (சில்லுகள் இரண்டு கம்பிகளில் தரவு பரிமாறும் முறை) வழியாக இஎஸ்பி32 உடன் இணையுங்கள். எச்எம்சி5883எல் என்று விற்கப்படும் காந்த சென்சார் பலகைகள் பலவற்றில் உள்ளே இருப்பது கியூஎம்சி5883எல் சில்லு. முதலாவதன் ஐ2சி முகவரி 30 (0x1E), இரண்டாவதன் முகவரி 13 (0x0D). நூலகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் முகவரியைப் பார்த்துவிடுங்கள்.

படி 2: நொடிக்கு 100 அளவீடு எடுங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் 4 மீட்டர் நீளக் கார், கால் நொடிக்குள் கடந்துவிடும். நொடிக்கு 10 அளவீடு என்றால் இரண்டு மூன்று புள்ளிகள்தான் கிடைக்கும்.

படி 3: எண்ணுவது. என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது இந்தப் படிதான். காலியான சாலையில் கிடைக்கும் அளவே அடிப்படை. வெயில் ஏறினால் சென்சாரின் அளவு நகரும். அதனால் அடிப்படையும் கூடவே நகர வேண்டும். பழைய அடிப்படையில் 99 சதவீதம், புதிய அளவில் 1 சதவீதம் எனக் கலந்துகொண்டே போங்கள். சென்சாரின் முன் வாகனம் இருக்கும்போது மட்டும் இந்தக் கலப்பை நிறுத்திவிடுங்கள். இல்லையெனில் நிற்கும் வாகனமே அடிப்படையாகிவிடும்.

அளவு அடிப்படையிலிருந்து ஒரு வரம்பைத் தாண்டி விலகினால் வாகனம் வந்ததாகக் கொள்ளலாம். ஆனால் வரம்பு ஒன்று போதாது. 'வந்தது' என்பதற்கு உயர்ந்த வரம்பு, 'போனது' என்பதற்கு அதில் பாதி. இன்னொன்று: காரின் முன்பக்கமும் பின் அச்சும் தனித்தனி மேடுகளாகத் தெரியலாம், நடுவில் அளவு தாழும். ஆகவே கீழ் வரம்புக்குக் கீழே தொடர்ந்து 100 மில்லி நொடி இருந்தால்தான் வாகனம் போனதாகக் கொள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒரே கார் இரண்டாக எண்ணப்படும். இருசக்கர வாகனத்தில் இரும்பு குறைவு. சென்சார் தடத்துக்கு மிக அருகில் இருந்தால்தான் அது பிடிபடும்.

படி 4: அனுப்புவது. வைஃபையைவிட லோராவையே பரிந்துரைப்பேன்: மின்சாரம் குறைவு, தூரம் அதிகம். உங்கள் நாட்டில் அனுமதிக்கப்பட்ட அலைவரிசையில் மட்டும் அனுப்புங்கள். ஆண்டெனா இல்லாமல் ஒருபோதும் இயக்காதீர்கள், சில்லு கெட்டுப்போகலாம். லோராவில் பரவல் காரணி என்றோர் அமைப்பு உண்டு: அதை ஏற்றினால் தூரம் கூடும், வேகம் குறையும். 12 பைட் செய்தி, பரவல் காரணி 7-இல் சுமார் 40 மில்லி நொடியில் போய்விடும். 12-இல் ஒரு நொடிக்கும் மேல் ஆகும். 7-இல் தொடங்கி, செய்தி எட்டாவிட்டால் மட்டும் ஏற்றுங்கள்.

'இந்த நிமிடத்தில் 14 வாகனங்கள்' என்று அனுப்பாதீர்கள். தொடக்கத்திலிருந்து எண்ணிய மொத்தத்தை அனுப்புங்கள். நடுவில் ஒரு செய்தி தொலைந்தாலும் அடுத்த மொத்தத்தில் அந்த வாகனங்கள் இருக்கும். கழித்துப் பார்ப்பது சர்வரின் வேலை.

படி 5: பெறும் பக்கத்தில் இன்னொரு இஎஸ்பி32 லோராவில் வாங்கி, வைஃபை வழியே எம்கியூடிடி (கருவிகளின் சிறு செய்திகளைப் பரிமாறும் முறை) சர்வருக்குத் தரட்டும். எனக்கு மொஸ்கிட்டோ என்னும் இலவச எம்கியூடிடி சர்வர் மென்பொருள் போதுமானதாக இருக்கிறது.

பிற்சேர்க்கை: கருவி மறுதொடக்கம் ஆனதும் எண்ணிக்கை எதிர்மறையாகிறது என்று வாசகர்கள் எழுதியிருந்தார்கள். மறுதொடக்க எண் ஒன்றையும் செய்தியில் சேர்த்து அனுப்புங்கள். அது மாறினால் சர்வர் கழிக்காமல் பூஜ்யத்திலிருந்து எண்ணட்டும். நெரிசலில் எண்ணிக்கை குறைவதையும் கேட்டிருந்தார்கள். அங்கே எண்ணிக்கையைவிட, சென்சாரின் முன் வாகனம் இருந்த நேரத்தின் சதவீதமே சரியாகப் பேசும். அதையும் ஒரு பைட்டில் அனுப்பிவிடலாம்.