அழகர் வர்ணிப்பு கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது

அழகரைப் பாடும் நாட்டுப்பாட்டான அழகர் வர்ணிப்பு பதிந்த சி-60 கேசட், பக்கத்துக்கு 30 நிமிடம். முதல் முயற்சியில் ஒரே பிசிறு, கூடவே ஓர் இரைச்சல். கேசட்டை ஓட்டும் டெக்கின் ஹெட்போன் துளையை லேப்டாப்பின் மைக் துளையோடு இணைத்ததுதான் தப்பு. மைக் துளை பலவீனமான சிக்னலுக்கானது, பெரும்பாலும் மோனோ. லைன்-இன் (வலுவான சிக்னலை வாங்கும் துளை) உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டை டெக்கின் லைன்-அவுட்டில் மாட்டியதும் பிசிறு போனது. சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டியதும் இரைச்சல் அடங்கியது.

குரல் மட்டும் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல மந்தம். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால், டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தேன். பஞ்சில் காப்பிப்பொடி நிறம். பாதிதான் தெளிந்தது. மீதிக் கோளாறு ஹெட்டின் சாய்வில். ஹெட்டின் ஓரம் ஸ்பிரிங் போட்ட திருகு இருக்கும். பழைய நிலையைப் பேனாவால் குறித்துவிட்டு, டேப் ஓடும்போதே, காந்தம் ஏறாத ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்றுக்கும் குறைவாக அசைத்து, 'ச', 'ஸ' ஒலிகள் கூர்மையான இடத்தில் நிறுத்தினேன். அடுத்த கேசட்டுக்கு மறுபடி இதே வேலைதான்!

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் வைத்த அளவு 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ. பதிவாகும் ஒலியின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக்கூடாது. ஒரு பக்கத்தின் வேவ் கோப்பு 300 எம்பிக்கு மேல் வரும். இரைச்சல் நீக்கத்தைக் கூட்டினால் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோலாகிவிடும். அதை நகலில் மட்டும் செய்யுங்கள்.