கொட்டாரத்தைக் கடைசியில் கட்டுங்கள்: சிட்டீஸ் ஸ்கைலைன்ஸில் பத்மநாபபுரம்

முதல் தடவை எல்லாரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன். ஊர் கட்டும் இந்தக் கணினி விளையாட்டைத் திறந்ததும் நேராகக் கொட்டாரத்தில், அதாவது பத்மநாபபுரம் அரண்மனையில், கை வைத்தேன். ஒரு மாதம் முகப்புக் கட்டிடமான பூமுகத்தையும் உப்பரிகை மாளிகையையும் இழைத்து இழைத்துச் செய்து, கடைசியில் தட்டையான பச்சைத் தரை ஒன்றில் கொண்டுபோய் வைத்தால் ஏதோ புதுக் கல்யாண மண்டபம் மாதிரி நிற்கிறது. பின்னால் வேளிமலை இல்லை, சுற்றிலும் மதில் இல்லை, குளம் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தரையிலிருந்து தொடங்கினேன். கீழே இருப்பதெல்லாம் அந்த இரண்டாவது தடவையில் கற்றது. 2015-ல் வந்த முதல் பாகத்துக்குத்தான் சொல்கிறேன், மாட்கள், அதாவது விளையாடுகிறவர்களே செய்து பகிரும் கூடுதல் இணைப்புகள், அதற்குத்தான் கொட்டிக் கிடக்கின்றன.

முதலில் எந்த வருஷத்து ஊர் என்று முடிவு பண்ணுங்கள். 1795-ல் திருவிதாங்கூரின் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போவதற்கு முந்தைய ஊரைக் கட்டுவதென்றால் கோட்டைக்குள் நடைபாதை மட்டும்தான் போட வேண்டும். தார் ரோடு போட்டால் அடுத்த நிமிடமே கார் வந்து நிற்கும். ஆற்றுக்கு மேலே கால்வாய்த் தண்ணியைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலமும் கிடையாது, அது 1966-ல் கட்டியது. நான் இன்றைய ஊரையே எடுத்துக்கொண்டேன். மதில் வாசலுக்குள் ஆட்டோ நுழைந்து வருவதுதான் எனக்குத் தெரிந்த பத்மநாபபுரம். இன்னொன்று, புது ஆட்டம் தொடங்கும்போதே இடது பக்கப் போக்குவரத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். மறந்துவிட்டுப் பாதி ஊர் கட்டிய பிறகு மாற்றுவது பெரிய தலைவலி.

அடுத்தது மேப். நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் உயரப் படம் ஒன்று வேண்டும். 1081-க்கு 1081 புள்ளி, 16 பிட், கறுப்பு வெள்ளை. விளையாட்டின் மொத்த மேப் பக்கத்துக்கு 17.28 கிலோமீட்டர், அதாவது ஒரு புள்ளிக்கு 16 மீட்டர். முழு மாவட்டத்தையும் இதில் அடைக்க முடியாது, கன்னியாகுமரியை மறந்துவிடுங்கள். குளச்சலையும் மாத்தூரையும் சேர்த்து வைக்கப் பார்த்தாலே இரண்டும் ஓரத்தில் போய்த் தொங்கும். நான் குளச்சலை விட்டுவிட்டு நடுப்புள்ளியைக் கொஞ்சம் வடக்கே தள்ளினேன், தொட்டிப்பாலம் உள்ளே வந்துவிட்டது. மேப் முழுவதையும் திறந்துவிடும் 81 டைல்ஸ் மாட் இல்லாவிட்டால் அந்த ஓரங்களில் எதுவும் கட்ட முடியாது, அதை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

மேப் எடிட்டரில் கடல் மட்டம் 40 மீட்டர் என்று இருக்கும். உண்மையான உயரத்தை அப்படியே ஏற்றினால் தாழ்வான இடமெல்லாம் தண்ணிக்கடியில் போய்விடும். கடல் மட்டத்தை இறக்குங்கள், அல்லது நிலம் முழுவதையும் அதே அளவு உயர்த்துங்கள்.

இனி அளவு. இதில் மட்டும் சோம்பல்படக் கூடாது. கொட்டார வளாகம் ஆறரை ஏக்கர், ஏறக்குறைய 26,300 சதுர மீட்டர். விளையாட்டில் ஒரு கட்டம் 8 மீட்டருக்கு 8 மீட்டர், 64 சதுர மீட்டர். வகுத்தால் நானூற்றுப் பத்துக் கட்டம், அதாவது இருபதுக்கு இருபது. கோட்டைக்குள் இருக்கிற நிலம் சுமார் 185 ஏக்கர். அதைச் சதுரமாக நினைத்துப் பார்த்தால் பக்கத்துக்கு 108 கட்டம் வரும். முதல் தடவை நான் கொட்டாரத்தை நாற்பதுக்கு நாற்பது கட்டத்துக்கு இழுத்திருந்தேன், உண்மையான பரப்பைப் போல நாலு மடங்கு. உயரப் படத்தில் பார்த்தால் கொட்டாரம் மொத்தமும் பத்துக்குப் பத்துப் புள்ளிதான். மதிலும் குளமும் அதில் தெரியவே தெரியாது, அதெல்லாம் கையால் போட வேண்டியதுதான்.

குளத்திலிருந்து ஆரம்பியுங்கள். தரையைத் தோண்டி, மேப் எடிட்டரிலேயே நீர் ஊற்றை வைத்து, அதன் மட்டத்தைக் கரைக்கு ஒரு மீட்டராவது கீழே நிறுத்துங்கள். நான் கரைக்கு மேலே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கோட்டைக்குள் தண்ணி, மேற்கு வாசல் வழியாகத் தக்கலைப் பக்கம் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது.

மதிலைத் தனித்தனித் துண்டாக அடுக்காதீர்கள். மாட்களும் மாடல்களும் பகிரப்படும் ஸ்டீம் ஒர்க்‌ஷாப்பில் ரோடு மாதிரி இழுத்துப் போடும் கல்மதில்கள் கிடைக்கும். கல் நிறம் முக்கியம். மார்த்தாண்ட வர்மா காலத்தில் மண் கோட்டையை மாற்றிக் கட்டியது கருங்கல்லில், ஐரோப்பியக் கோட்டைகளின் மஞ்சள் கல் இங்கே ஒட்டவே ஒட்டாது. மதில் தரையோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும், அதற்காகத் தரையைச் சமப்படுத்திவிடாதீர்கள். பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்கும் இதே மதில் போதும். உள்ளே ஒரு குன்றை எழுப்பி, மரத்தை அடர்த்தியாக நட்டு, கூரை இல்லாத சிறிய கட்டிடம் ஒன்றை வைத்தால் மார்த்தாண்ட வர்மாவின் டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை ஆயிற்று.

வீடுகளை ஜோன் போட்டு வளரவிட்டால் ரோட்டை ஒட்டி வரிசையாக வந்து நிற்கும். நம்ம ஊரில் எங்கே அப்படி? ஒவ்வொரு வீடும் தன் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், ஒதுங்கி நிற்கும், ஒரு ஊர் முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. ப்ளாப் த க்ரோயபிள்ஸ் மாட் வைத்து ஒவ்வொன்றாகக் கையால் வையுங்கள். வீட்டுக்கு நாலு தென்னை, கொஞ்சம் வாழை. வடக்கே திருவட்டார் பக்கம் போனால் ரப்பர். அதைத் தூரிகையால் அள்ளித் தெளித்தால் காடாகிவிடும், பிராப் லைன் டூலில் வரிசை பிடித்து நடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கொட்டாரம். ஒர்க்‌ஷாப்பில் தேடினால் ஓட்டுக்கூரை என்று ஜப்பான், சீனக் கட்டிடங்கள்தான் நிறைய வரும். அவசரத்துக்கு நானும் அதைத்தான் வைத்தேன். மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "எடே மக்கா, இது கொட்டாரமா, சீனாக்காரன் ஓட்டலா?" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்தக் கூரைகளில் ஓரம் மேலே வளையும், நம்முடையது நேராகச் சரிந்து சுவரை மறைத்துக்கொண்டு இறங்கும். முன்பக்க முக்கோண முகப்பில்தான் மரவேலை. ஆகவே முப்பரிமாண மாடல் செய்யும் மென்பொருளான பிளெண்டரில் நீங்களே செய்வதுதான் வழி. ஒரு அலகு ஒரு மீட்டர் என்று வைத்து, எஃப்பிஎக்ஸ் கோப்பாக ஏற்றுங்கள். ஓட்டுக்குப் பளிச் சிவப்பு வேண்டாம், மழையில் கறுத்த ஓடு வேண்டும்.

மொத்தக் கொட்டாரத்தையும் ஒரே மாடலாகச் செய்யாதீர்கள், வைத்த இடத்தில் தரையை அது சப்பையாக்கிவிடும். பூமுகமும் அதன் மாடியிலுள்ள மந்திரசாலையும் ஒரு துண்டு. மணிக்கூண்டு ஒன்று. ஆயிரம் பேருக்குப் பந்தி போட்ட ஊட்டுப்புரை நீளமாக ஒன்று. இருப்பதிலேயே பழையதான தாய்க்கொட்டாரம், நாலு நிலை உப்பரிகை மாளிகை, அப்புறம் கல்லால் ஆன நவராத்திரி மண்டபம். இவற்றை மூவ் இட் மாடில் ஒன்றோடொன்று உரச வைத்தால் கூரைகள் ஏறி இறங்கும் அந்த நெரிசல் வந்துவிடும். தூரத்தில் இருந்து பார்க்கும்போது காட்டுவதற்கான எளிய மாடலையும் நீங்களே செய்யுங்கள், விளையாட்டே உருவாக்கிக் கொடுப்பது உருகிப்போன மெழுகு மாதிரி இருக்கும். சந்தேகம் வந்தால் நேரில் போய்ப் பாருங்கள், திங்கள்கிழமை மட்டும் போகாதீர்கள், பூட்டியிருக்கும்.

தொட்டிப்பாலத்தில் ஒரு சிக்கல். விளையாட்டில் கால்வாயை ஆகாயத்தில் தூக்க முடியாது. பறளியாற்றுக்கு மேலே நூறு அடிக்கு மேல் உயரத்தில், முப்பது மீட்டரைத் தாண்டி, ஒரு நடைபாதையை இழுங்கள். தானாக வரும் தூண்களை அதற்கான மாட் ஒன்றால் அணைத்துவிட்டு, 28 தூண்களை எண்ணி நீங்களே வையுங்கள். தொட்டி ஏழரை அடி அகலம்தான், பார்க்க ஒல்லியாக இருந்தால் பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். உள்ளே தண்ணிக்கு ப்ரொசீஜரல் ஆப்ஜெக்ட்ஸ் மாடில் நீர் நிறத்தில் நீளப் பட்டை ஒன்று. ஓடாதுதான், ஆனால் ஆற்றோரத்தில் இருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்கு அது தெரியப்போவதில்லை.

போன வாரம் மாமாவைத் திரும்பக் கூப்பிட்டுக் காட்டினேன். கூரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "குளத்துக்குப் படிக்கட்டு எங்கடே?" என்றார். கரையை மண்சரிவாகவே விட்டிருக்கிறேன். அரை மீட்டர் உயரக் கல்பட்டை ஒன்றைச் செய்து, நகலெடுத்து, ஒவ்வொன்றையும் அரை மீட்டர் உள்ளே தள்ளிக் கீழே இறக்கினால் போதும். ஒரு பக்கம் முடிந்திருக்கிறது, இன்னும் மூன்று பக்கம் பாக்கி.