சாட்சி இன்னும் முடியாதவர்களுக்கு: வாலிபர் குழுவில் மனந்திறந்து பேச இடம் அமைப்பது எப்படி

நம் சபைகளில் சாட்சிக்கு ஓர் அச்சு உண்டு. ‘முன்பு இப்படி இருந்தேன், கர்த்தர் தொட்டார், இப்போது இப்படி இருக்கிறேன்.’ மூன்றாவது பகுதி இன்னும் நடக்காத 18 வயதுக்காரனுக்கு அங்கே மைக் கிடையாது. நீட் தேர்வு இரண்டாவது முறையும் கைவிட்டுப் போயிருக்கும். எவ்வளவோ ஜெபித்தும் அம்மாவின் நோய் குறைந்திருக்காது. கைப்பேசியில் பார்க்கக் கூடாததைப் பார்ப்பதை நிறுத்த முடிந்திருக்காது. கேட்டால், “கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கேன் அண்ணா” என்பான். அவன் பொய் சொல்லவில்லை. நாம் பழக்கிய பதில் அது.

இதை மாற்றுவதற்குப் பெரிய கூடுகை உதவாது. 6 முதல் 8 பேர் போதும். ஆண்பிள்ளைகள், பெண்பிள்ளைகள் தனித்தனியே. பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் தனித்தனியே. அண்ணன் தம்பியை ஒரே குழுவில் போடாதீர்கள், பேச்சு அன்றிரவே வீட்டுக்குப் போய்விடும். போதகரின் பிள்ளைகளும் மூப்பர்களின் பிள்ளைகளும்தான் எல்லோரையும்விடக் குறைவாகப் பேசுவார்கள். அவர்கள் வீட்டைப் பற்றிச் சொல்லும் ஒரு வரிகூடச் சபை அரசியலாகும் என்பது அவர்களுக்குச் சிறுவயதிலேயே தெரியும். முடிந்தால் பக்கத்துச் சபைக் குழு ஒன்றில் அவர்களுக்கு இடம் கேளுங்கள்.

நடத்துபவர்கள் எப்போதும் இருவர். வெளியிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும், பேச்சு மட்டும் கேட்கக் கூடாது: ஜன்னல் திறந்த ஞாயிறு பள்ளி அறை, ஆலய வளாகத்து மரத்தடி. பூட்டிய அறையில் தனியாக ஆலோசனை, இரவு 11 மணிக்குத் தனிச் செய்தி இரண்டும் வேண்டாம். கூட்டம் 75 நிமிடம். முதல் 15 நிமிடம் டீயும் அரட்டையும்.

முதல் நாளே இரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிடுங்கள். “இங்கே பேசுவது வெளியே போகாது. ஆனால் உன் உயிருக்கு ஆபத்து, உன்னை யாராவது துன்புறுத்துகிறார்கள், நீ யாரையாவது துன்புறுத்துகிறாய் என்று தெரிந்தால், உதவக்கூடியவர்களிடம் நான் சொல்வேன். அதற்கு முன்பு உன்னிடமும் சொல்வேன்.” ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்யும் அண்ணன்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார். 18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் தெரிவிப்பது அறிந்த ஒவ்வொருவரின் கடமை; மறைப்பது குற்றம். சபைக் கமிட்டியில் பேசித் தீர்க்கும் விஷயம் அல்ல. குற்றம் சாட்டப்பட்டவர் ஊழியக்காரராக இருந்தால் இன்னும் அல்ல. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

முதல் நான்கு வாரம் யாரையும் சொந்தக் கதை கேட்காதீர்கள். வேதத்திலேயே புலம்பியவர்களோடு உட்காருங்கள். 13ஆம் சங்கீதம் ‘எதுவரைக்கும்’ என்று கேட்டுத் தொடங்கிப் பாட்டில் முடிகிறது. 88ஆம் சங்கீதம் அப்படி முடியவே இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு, “88ஐ எழுதியவர் நம் சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் என்ன நடக்கும்?” என்று கேளுங்கள். சிரிப்பார்கள், பிறகு பேசுவார்கள். மூன்றாம் வாரம் 1 இராஜாக்கள் 19. ‘போதும் கர்த்தாவே’ என்று சாவை வேண்டிச் சூரைச்செடியின் கீழ் படுத்த தீர்க்கதரிசி எலியாவுக்கு முதலில் கிடைத்தது பிரசங்கம் அல்ல. தூக்கமும், தழலில் சுட்ட அடையும், தண்ணீரும். நான்காம் வாரம் மாற்கு 9:24, மகனின் சுகத்துக்காக இயேசுவிடம் வந்து ‘என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்ற தகப்பன். இயேசு உயிர்த்தெழுந்ததைச் சந்தேகித்த சீடர் தோமாவையும் சேர்க்கலாம். சந்தேகப்பட்டவர் பெயரில் சென்னையில் ஒரு மலையே இருக்கிறது. சந்தேகம் கேட்கும் பிள்ளையை மட்டும் நாம் ‘பின்மாற்றம்’, அதாவது விசுவாசத்தை விட்டு விலகுதல், என்கிறோம்.

ஐந்தாம் வாரம் நடத்துபவர் முதலில் பேச வேண்டும், மூன்று நிமிடம். இங்கேதான் அதிகம் தவறுகிறது. இப்போது நடந்துகொண்டிருக்கும் குடும்பச் சண்டையைக் கொட்டினால், பிள்ளைகள் உங்களைத் தேற்றத் தொடங்கிவிடுவார்கள். ‘நான்கூடச் சில நாள் வேதம் வாசிக்க மறந்துவிடுவேன்’ என்றால், அதைவிடப் பெரியதை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். ஓராண்டாவது கடந்த, உங்களுக்கு உண்மையில் வலித்த ஒன்றைச் சொல்லுங்கள். பாவத்தின் விவரம் வேண்டாம், இன்னொருவரின் பெயர் வேண்டாம், கடைசியில் பாடமும் வேண்டாம். பதில் கிடைக்காத இடத்தைப் பதில் கிடைக்காததாகவே விடுங்கள்.

சீட்டில் எழுதிப் போடச் சொல்வது நல்ல வழிதான், ஆனால் கையெழுத்து காட்டிக்கொடுக்கும். அங்கேயே வாசிக்காமல் எடுத்துச் சென்று, அன்றைக்கே படித்து, அடுத்த வாரம் உங்கள் சொற்களில் பொதுவாகப் பேசுங்கள். சீட்டுகளைக் கிழித்துவிடுங்கள்.

ஒருவன் பேசி முடித்ததும் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பாதிப் பேர் நான்கிலேயே, ‘சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது’ என்ற ரோமர் 8:28ஐ எடுத்துவிடுகிறார்கள். வசனம் மெய், வேளை தப்பு. “சொன்னதுக்கு நன்றி தம்பி. நாங்க கேட்டா போதுமா, ஜெபிக்கட்டுமா?” என்று கேளுங்கள். ஜெபம் ஒரு நிமிடம், ஒருவர் மட்டும். ‘ஆண்டவரே, இவன் இனி அந்த நண்பர்களோடு சேராதபடி’ என்பது கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும் புத்திமதி.

சாக வேண்டும் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால், ‘தற்கொலை செய்துகொள்ள நினைத்தாயா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அவனைத் தனியே விடாமல், அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416க்கு அவனோடு உட்கார்ந்து பேசுங்கள், அவசரமென்றால் மருத்துவமனை. மாத்திரை சாப்பிடுகிறவரிடம் ‘விசுவாசத்தில் நிறுத்து’ என்று சொல்ல எந்த ஊழியருக்கும் உரிமை இல்லை.

குழுவைக் குலைப்பது பெரும்பாலும் ஜெபக் குறிப்புதான். “பேர் சொல்லல, நம்ம ஒரு தம்பிக்காக ஜெபிங்க” என்று வாட்ஸ்அப்பில் போட்டால், 60 குடும்பம் உள்ள சபையில் அது பேர் சொன்னதற்குச் சமம். அவனுடைய சம்மதம் இல்லாமல் போதகர் வீட்டம்மாவிடம்கூடச் சொல்லாதீர்கள். மேலே சொன்ன மூன்று ஆபத்துகள் மட்டுமே விதிவிலக்கு.

முகாமின் கடைசி இரவையும் கவனியுங்கள். இரண்டு நாள் தூக்கமில்லை, விளக்கு மங்கல், கீபோர்டு மெல்ல ஓடுகிறது. அந்த நேரத்தில் மேடைக்கு வந்து சொன்னதை மறுநாள் காலை பேருந்தில் நினைத்துக் கூசுகிற பிள்ளைகள் அதிகம். அழுதுகொண்டு வந்தால் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். உடனே உதவி தேவைப்படும் ஆபத்தில்லை என்றால், விவரத்தைத் தூங்கி எழுந்த பிறகு கேட்கலாம்.

மனந்திறந்த மறுநாள்தான் வெட்கம் வரும். அடுத்த வாரம் வராமல் நின்றுவிடுவான். 48 மணி நேரத்துக்குள் ஒரு செய்தி போகட்டும், அந்த விஷயத்தைத் தொடாமல்: “சாயங்காலம் கிரிக்கெட் இருக்கு, வர்றியா?” இரண்டு வாரம் தொடர்ந்து வராவிட்டால் நேரில் போங்கள். உயிருக்கு ஆபத்தான விஷயமாக இல்லாவிட்டால், அவனாக எடுக்கும்வரை அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.