வேர்க் கோளாறுக்கு இலையில் மருந்து அடிக்காதீர்கள்

போன வாரம் பினாங்கு நிபோங் திபாலில் ஒரு தம்பியின் சோளக் கொல்லைக்குப் போயிருந்தேன். முழங்கால் உயரச் செடி, இலையோரமெல்லாம் ஊதா. முதுகில் பம்போடு நின்றவன், "அண்ணே, இலை உரம் மூணாவது தடவை அடிக்கிறேன்" என்றான். பழைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது. விதை ஆழம், இடைவெளியெல்லாம் பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். அதை விடுங்கள். பாக்கெட்டில் போடாத தவறுகளைச் சொல்கிறேன்.

ஈர மண்ணை உழுவது

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத தவறு இது. செபராங் பிறையின் கடலோரப் பக்கம் பெரும்பாலும் களிமண். மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருக்கும். டிராக்டர்காரர் "இன்னைக்கு விட்டா ரெண்டு வாரம் ஆகும்" என்பார். நானும் சரி என்றேன். ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) ஓட்டி முடித்ததும் மேல்மண் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கத்தி போன ஆழத்துக்குக் கீழே, சாந்து பூசிய தரைபோல ஒரு வழவழத் தகடு உருவானது தெரியவில்லை.

செடி ஊதாவானது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறை என்று கடையில் போத்தலை நீட்டினார்கள். குறை என்னவோ உண்மைதான். ஆனால் நான் போட்ட அடியுரம் மண்ணிலேயே கிடந்தது. மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது. வேர்தான் தேடிப் போக வேண்டும். மூன்று தடவை அடித்தும் பலனில்லாமல், கோபத்தில் ஒரு செடியைத் தோண்டினேன். வேர் நான்கு அங்குலம் இறங்கி, தகட்டில் முட்டி, ஆணி வளைந்ததுபோலப் பக்கவாட்டில் ஓடியிருந்தது. எழுபது நாள் கழித்து ஒடித்த கதிர்களில் பாதிக்கு நுனியில் மணியே இல்லை. உழவுக் கூலி, விதை, போத்தல், எல்லா வெள்ளியும் போச்சு.

உழும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். முறுக்கு மாவுபோலத் திரியாக நீண்டால் டிராக்டரைத் திருப்பி அனுப்புங்கள். உதிர்ந்தால் உழலாம்.

தம்பியின் செடியையும் தோண்டினோம். அதே வளைவு. இந்தப் போகத்துக்கு வடிகாலை ஆழப்படுத்தி மண் அணைக்கலாம், அவ்வளவுதான். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஆழ உழுதுதான் தகட்டை உடைக்க வேண்டும்.

பொடிப்பொடியாக உழுவது

ஒரு கனமழை போதும், மேல்மண் அப்பளமாகிவிடும். முளை முட்டிக்கொண்டு நிற்கும்.

இலை உரத்தையே சாப்பாடாக நினைப்பது

கணக்குப் போடுங்கள். ஓர் ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல், அதில் 2 சதவீத யூரியா என்றால் 4 கிலோ யூரியா. அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) 2 கிலோகூட இல்லை. மண்ணில் போடும் 50 கிலோ யூரியா மூட்டையிலோ 23 கிலோ. இலைவழி கொடுப்பது துத்தநாகம் மாதிரிக் கொஞ்சமாகத் தேவைப்படும் சத்துக்குத்தான் சரி. இளம் இலையில் நடுநரம்பின் இரு பக்கமும் வெளுத்த பட்டை ஓடினால், அப்போது அடியுங்கள்.

உச்சி வெயிலில் அடிப்பது

இலை உரம் குருத்தில் தேங்கி இலை கருகும். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

துத்தநாக சல்பேட்டையும் மணிச்சத்து உரத்தையும் ஒரே பம்பில் கலப்பது

கூடாது. வெள்ளையாகப் படிந்து முனையை அடைத்துக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஊசியால் குத்திக்கொண்டிருந்தேன்.